தரங்கம்பாடி: கோட்டையைத் தவிர என்ன இருக்கிறது?

பூம்புகாரிலிருந்து காரைக்கால் போகும் வழியில் ஒரு பகல் தரங்கம்பாடியில் இறங்கப் போகிறோம், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் கூட வருகிறாள், டேனிஷ் கோட்டையைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே மூன்று விஷயங்களைக் குறிப்பிட்டு அவை உண்மையா என்றும் கேட்கிறீர்கள். இந்தியாவின் முதல் அச்சகம் அங்கேதான் வந்தது, உலகிலேயே ஓசோன் காற்று நிறைந்த கடற்கரைகளில் அது ஒன்று, டென்மார்க்கின் குரோன்போர்க் கோட்டைக்கு அடுத்த பெரிய டேனிஷ் கோட்டை அது. பார்க்க என்ன இருக்கிறது என்பதைவிட, மகளிடம் எதை நம்பிச் சொல்லலாம் என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர் என்று எனக்குப் படுகிறது. அதற்கே முதலிடம் கொடுத்து எழுதுகிறேன். நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். காவிரிப் படுகையின் கடலோர ஊர்கள்தான் நான் அதிகம் நடந்த இடங்கள், மாணவர்களைத் தரங்கம்பாடிக்குப் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். டேனிஷ் மொழி எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஆவணங்களில் உள்ளவை ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தரங்கம்பாடியின் வரலாறு கோட்டையில் தொடங்கவில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டை வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே ஒரு சுற்று சுற்றி, அலையில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. அங்கிருக்கும் கல்வெட்டு மாறவர்மன் குலசேகர பாண்டியனின் 37-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 1305-06 வாக்கில் வெட்டப்பட்டது. அதில் இந்த ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்றும் வருகிறது. ஒரு பாண்டிய மன்னன் தன் பெயரையே சூட்டிப் 'பட்டினம்' என்று அழைத்த ஊர் வெறும் மணல்மேடாக இருந்திருக்காது, வணிகர் வந்துபோகும் துறையாக இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியம் என் ஊகம். முதலாவது கல்லில் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் வந்து இறங்குவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு பட்டினமும் சிவன் கோயிலும் இருந்தன என்பதை மகளிடம் தயங்காமல் சொல்லலாம்.

அப்புறம் டேனிஷ்காரர்கள் வந்த கதை. அவர்கள் தரங்கம்பாடியைத் தேடி வரவில்லை. டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1616-ல் தொடங்கியது. 1618-ல் ஓவே கெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் குறி இலங்கை. போர்ச்சுகீசியர்களை எதிர்க்கக் கண்டி அரசருக்குத் துணை தேவை, அதற்கு ஈடாக வணிக உரிமை கிடைக்கும் என்ற கணக்கில் போனார்கள். அந்தக் கணக்கு பலிக்கவில்லை. இதற்கிடையே, முன்னால் அனுப்பப்பட்ட ரோலண்ட் கிராப் என்பவரின் கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர்கள் தாக்கி அழித்தார்கள். தப்பிப் பிழைத்த சிலரோடு அவர் தஞ்சை நாயக்கர் அவைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்த பேச்சின் முடிவுதான் 1620 நவம்பர் 19-ம் தேதி ஒப்பந்தம். ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் அவர்களுக்கு அனுமதி கொடுத்தார். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது.

இந்த இடத்தில் பாடப்புத்தக வாசிப்பு நம்மை ஏமாற்றும். 'டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியைப் பிடித்தார்கள்' என்று மாணவர்கள் எழுதுவார்கள். யாரும் எதையும் பிடிக்கவில்லை. ஆண்டுக்கு 3,111 ரூபாய் தஞ்சைக்குக் குத்தகை கட்டித்தான் அவர்கள் குடியிருந்தார்கள். நாயக்கருக்குப் பிறகு தஞ்சைக்கு மராட்டியர்கள் வந்தார்கள், அவர்களுக்கும் கட்டினார்கள். ரகுநாத நாயக்கருக்கும் இதில் கணக்கு இருந்தது. பக்கத்து நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர்கள் அமர்ந்திருந்தார்கள். கடல் வணிகத்துக்கு இன்னொரு வாங்குபவர் வந்தால் தஞ்சைக்கு நல்லதுதானே. ஐரோப்பியர் வருகையை எப்போதும் அவர்கள் பக்கத்திலிருந்தே படித்துப் பழகிவிட்டோம், தஞ்சையிலிருந்து பார்த்தால் இது ஓர் அரசர் யோசித்து எடுத்த முடிவு.

சரி, கோட்டைக்கு வருவோம். டான்ஸ்போர்க் என்று பெயர். குரோன்போர்க்குக்கு அடுத்த பெரிய டேனிஷ் கோட்டை என்ற வாக்கியம் ஏறக்குறைய எல்லாச் சுற்றுலாக் குறிப்புகளிலும் வருகிறது. சுற்றுமதிலைச் சேர்த்து அளக்கிறார்களா, நடுக்கட்டடத்தை மட்டுமா, டென்மார்க்கில் இடிந்துபோன கோட்டைகளையும் கணக்கில் எடுத்தார்களா என்று அவற்றில் எதுவும் சொல்வதில்லை. அளவு சொல்லாத ஒப்பீட்டை வரலாறாக ஏற்க என்னால் முடியாது. 'அப்படிச் சொல்கிறார்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது, ஆசியாவில் டேனிஷ்காரர்களின் தலைமையிடம் இதுதான் என்பது. இரண்டு தளம். கீழ்த்தளத்தில் கிடங்குகள், வெடிமருந்து அறை, சமையலறை, சிறை. மேல்தளத்தில் ஆளுநரின் குடியிருப்பும், தொடக்க காலத்தில் ஒரு சிறு வழிபாட்டு அறையும். கீழ்த்தள அறைகளின் கூரையை நின்று பாருங்கள். வளைவாகச் செங்கல் அடுக்கிக் கட்டிய தாழ்ந்த கூரை, அதன் எடையைத் தாங்கும் அளவுக்குத் தடித்த சுவர். மரத்தூலம் இல்லாமல் மேல்தளத்தை இப்படிச் சுமக்க வைத்திருக்கிறார்கள். அப்புறம் கடலைப் பார்த்த பக்கத்துச் சுவரையும் ஊரைப் பார்த்த பக்கத்துச் சுவரையும் ஒப்பிடச் சொல்லுங்கள். கடல் பக்கத்தில் சுண்ணாம்புப் பூச்சு பொருக்குப் பொருக்காக உரிந்திருக்கும், விரல் வைத்தால் மாவாக உதிரும். உப்புக்காற்றின் ஈரம் பூச்சுக்குள் போய், காய்ந்து, உப்புப் படிகமாகி வெளியே தள்ளுகிறது. 2000-களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் தரங்கம்பாடி சங்கமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் சேர்ந்து கோட்டையைச் சீரமைத்தபோது சுண்ணாம்பையே பயன்படுத்தியதற்குக் காரணம் இதுதான். சிமென்ட் பூசினால் உப்பு வெளியே வர வழியில்லாமல் செங்கல்லையே தின்றுவிடும்.

கோட்டையில் நிற்கும்போது மகளுக்குச் சொல்ல நல்ல கதை ஒன்று இருக்கிறது, அறிவிப்புப் பலகைகளில் அது அவ்வளவாகக் கிடைக்காது. 1643-க்குப் பிறகு 1669 வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வந்து சேரவில்லை. ஐரோப்பாவில் போர், கம்பெனியிடம் பணமில்லை. இங்கிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள், சிலர் வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற சாமானியர் 1655-ல் கோட்டைப் பொறுப்பை ஏற்றார். அதிகாரியாக வந்தவர் அல்லர், படிப்பு அதிகமில்லாதவர். வங்காளக் கடலில் கப்பல்களைப் பிடித்தும், உள்ளூர் ஆட்களையும் போர்ச்சுகீசிய வழிவந்தவர்களையும் வைத்துக்கொண்டும் கோட்டையைக் கைவிடாமல் காப்பாற்றினார். ஊரைச் சுற்றி மதில் எழுந்ததும் அவர் காலத்தில்தான். 1669-ல் கப்பல் வந்தபோது கொடி அங்கேயே பறந்துகொண்டிருந்தது. மன்னர் அவரையே தளபதியாக உறுதி செய்தார். இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அந்த ஆண்டுகளிலெல்லாம் கோட்டையைக் காவல் காத்தவர்கள், படகு ஓட்டியவர்கள், சோறாக்கியவர்கள் எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

இனி அச்சகம். இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில் என்பது தவறு, இதில் சந்தேகமே இல்லை. கோவாவில் 1556-லேயே அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்', 1578-ல் கொல்லத்தில் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் அச்சிட்டது. 1679-ல் கேரளத்து அம்பலக்காட்டிலும் தமிழ் அச்சு நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓய்ந்து கிடந்த தமிழ் அச்சைத் திரும்ப எழுப்பியது தரங்கம்பாடி. அதன் உண்மையான பெருமையே போதுமானது, 'முதல்' என்ற பட்டம் அதற்குத் தேவையில்லை.

அந்த உண்மைக் கதை இப்படி. ஜெர்மனியின் ஹல்லே நகரில் படித்த பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் கிறிஸ்தவ மதம் பரப்பும் மிஷனரிகளாக டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பி 1706 ஜூலை 9-ம் தேதி இங்கே வந்தார்கள். மன்னர் அனுப்பியவர்கள்தான், ஆனாலும் கோட்டைத் தளபதிக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. 1708-ன் கடைசியில் சீகன்பால்குவைப் பிடித்து நான்கு மாதம் இதே கோட்டையில் அடைத்து வைத்தார். அந்த ஆண்டுதான் அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார். 1711-ல் முடித்தார். லண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவ அறிவுச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள், கூட வந்த அச்சாளர் பயணத்திலேயே இறந்துபோனார். எப்படியோ 1712-ல் இயந்திரம் மட்டும் கரை சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஹல்லேயில் வார்க்கப்பட்டு 1713-ல் வந்தன. தமிழ் தெரியாத கைகள் வார்த்த எழுத்துகள் அவை, பெரிது பெரிதாக இருந்தன. அந்த அளவில் அச்சிட்டால் கையிலிருக்கும் காகிதம் போதாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அதற்கு ஈயம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. 1715-ல் புதிய ஏற்பாடு முழுதும் அச்சாகி வந்தது. காகிதத்துக்காகப் பக்கத்துப் பொறையாறில் ஆலை ஒன்றும் அமைத்தார்கள். உங்கள் மகளுக்கு இந்த ஈயத் தகட்டுக் கதை நிச்சயம் பிடிக்கும்.

சீகன்பால்குவைப் பற்றிப் பேசும்போது அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்களை விட்டுவிடுகிறோம். திண்ணைப் பள்ளி வாத்தியாரை வரவழைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகியவர் அவர். அழகப்பன் என்ற துபாஷி அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார், ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்தவர். 1712 முதல் 1714 வரை மிஷனரிகள் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹல்லேயில் அச்சாயின. சாமி, சாதி, கல்யாணம், சாவு, பள்ளிக்கூடம், வைத்தியம் என்று எல்லாவற்றையும் பற்றி அவற்றில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்த் தமிழர் ஐரோப்பியரிடம் நேருக்கு நேர் என்ன வாதாடினார் என்பதற்கு இவ்வளவு பழைய சாட்சி அரிது. அவை மிஷனரிகளின் கை வழியாக வந்தவை, மொழிபெயர்ப்பில் எவ்வளவு சாயம் ஏறியது என்று அளக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு விரிவாக எழுதி 1713-ல் அனுப்பியபோது, உங்கள் வேலை அவர்கள் மதத்தை ஒழிப்பதே தவிர ஐரோப்பாவில் பரப்புவதல்ல என்று ஹல்லேயில் அதை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. மதம் மாற்ற வந்தவர், வந்த இடத்து மக்களைப் புரிந்துகொள்ளவும் முயன்றார். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

கோட்டையை விட்டு வெளியே வந்தால் எதிரே பெரிய வெளி, பழைய அணிவகுப்பு மைதானம். அதைத் தாண்டினால் ராஜ வீதி. ஊருக்குள் நுழையும்போதே ஒரு வெள்ளை வளைவு வாசலைக் கடந்திருப்பீர்கள், வண்டியில் போனால் கவனிக்கத் தவறும். திரும்பி நடந்து போய்ப் பாருங்கள். அதுதான் 1660-களில் முதலில் எழுப்பி, 1792-ல் திரும்பக் கட்டிய நகரவாசல். மேலே டேனிஷ் அரச முத்திரையும் ஆண்டும் தெரியும். உள்ளே வந்தால் 1701-ல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட சீயோன் தேவாலயம். கொஞ்சம் தள்ளி, தமிழ்ச் சபைக்காக சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். அதற்கு முந்தைய எருசலேம் ஆலயம் 1707-ல் கடலோரத்தில் கட்டப்பட்டு, சில ஆண்டுகளிலேயே கடலுக்குப் பலியானது. புதியதை 1718 அக்டோபரில் திறந்தார்கள். சிலுவை வடிவில் தளம், முகப்பில் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் கிரீடமும் பெயர்ச்சுருக்கமும். திறந்து நான்கு மாதத்தில், 1719 பிப்ரவரியில், 36 வயதில் சீகன்பால்கு இறந்தார். பீடத்தின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இதே ஊரில் 1733-ல் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் லுத்தரன் தமிழ் குரு அவர்.

கோட்டைக்கு எதிரே தூண்கள் வைத்த நீளமான கட்டடம் 1784-ல் வந்த ஆளுநர் மாளிகை. பிற்காலத்தில் உப்புக் கிடங்காகவும் இருந்து சிதைந்து, டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு மீட்கப்பட்டது. சீகன்பால்கு வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம், அச்சு இயந்திரம் வேலை செய்யும் விதத்தை அங்கே மகளுக்குக் காட்டலாம். இதையெல்லாம் பார்த்த பிறகு கோல்ட்ஸ்மித் தெருவுக்குப் போங்கள். சுனாமிக்குப் பிறகு, பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அங்கே சில பழைய வீடுகளைச் சீரமைத்தது. திண்ணையும் மரத்தூணும் ஓடும் கொண்ட நம் வீடுகள். வெள்ளைத் தூண் மாளிகைகளை மட்டும் பார்த்துவிட்டு ஊரே டேனிஷ் என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தெரு நல்ல மருந்து.

எந்தப் பலகையிலும் இல்லாத ஒரு பக்கத்தையும் மகளிடம் சொல்ல வேண்டும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். மிளகுக்காக வந்த கம்பெனியின் முக்கியச் சரக்கு போகப் போக நம் பருத்தித் துணி ஆயிற்று. இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நிற்கும், கரைக்கும் கப்பலுக்கும் இடையே அலையை வெட்டிக்கொண்டு சரக்கையும் ஆட்களையும் ஏற்றி இறக்கியவர்கள் மசூலாப் படகு ஓட்டிய நம் கடற்கரை மக்கள். அந்தத் திறமை இல்லாமல் ஒரு மூட்டைத் துணி ஐரோப்பா போயிருக்காது. துணியோடு மனிதர்களும் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சத்திலும் போரிலும் அகப்பட்டு விற்கப்பட்டவர்களை அடிமைகளாக ஏற்றி, சுமத்ரா தீவின் ஆச்சே முதலான கிழக்குக் கரைகளில் விற்றதில் டேனிஷ் கம்பெனிக்கும் பங்கு உண்டு. மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளும் இதைச் செய்தன. கோட்டையின் கீழ்த்தள அறைகளை அழகாகப் படம்பிடித்துக்கொள்ளும்போது இதையும் நினைக்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

ஊர் எப்படி இப்படியே உறைந்து நின்றது என்று போனவுடன் உங்களுக்கே தோன்றும். நெப்போலியன் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் 1808 முதல் 1815 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள், அதோடு டேனிஷ் வணிகம் எழுந்திருக்கவே இல்லை. 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். உடனே ஊர் செத்துவிடவில்லை. அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் தஞ்சை மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகமே இங்கேதான் இருந்தது. 1860-ல் அது தஞ்சாவூருக்குப் போனது. அடுத்த ஆண்டே நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. தரங்கம்பாடிக்கு மாயவரத்திலிருந்து ரயில் வந்தது 1926-ல், மிகவும் தாமதம். அதுவும் 1986-ல் நிறுத்தப்பட்டது. பணம் புழங்கும் ஊரில் பழைய கட்டடத்தை இடித்துப் புதிது கட்டுவார்கள். இங்கே இடிக்கவும் யாரிடமும் பணமில்லை. தெருக்கள் பழைய டேனிஷ் வரைபடத்தில் உள்ளபடியே நிற்பதற்கு எனக்குத் தெரிந்த முதன்மைக் காரணம் இந்த வறுமைதான், இது என் கருத்து.

ஓசோன் கடற்கரைக் கதையை நம்ப வேண்டாம். ஓசோன் படலம் என்று புத்தகத்தில் வருவது தலைக்கு மேல் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தரை மட்டத்தில் ஓசோன் கூடினால் நுரையீரலுக்குக் கேடு, நகரங்களில் அதை மாசாகத்தான் அளக்கிறார்கள். ஓசோன் நிறைந்த கடற்கரை என்பது உண்மையானால் அங்கே போகக் கூடாது. கடற்காற்றின் அந்த வாசனைக்குக் காரணம் கடலின் நுண்ணுயிர்களும் பாசியும் வெளியிடும் கந்தகச் சேர்மம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கடற்கரை விடுதிகள் ஓசோன் உடம்புக்கு நல்லது என்று விளம்பரம் செய்தன, அந்தப் பழக்கம் எங்கெங்கோ பரவியிருக்கிறது. தரங்கம்பாடியில் வீசுவது நல்ல கடற்காற்று. அதற்கு ஓசோன் பெயர் தேவையில்லை.

கடலைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. மாசிலாமணி நாதர் கோயிலுக்குப் போனால் அது புதுசாக இருக்கிறதே என்று ஏமாந்து போகாதீர்கள். பழைய கோயிலின் முன்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் சரிந்து போனது. அலை நேராக வாசலில் மோதும் பழைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். பிறகு கருங்கல் கொட்டிக் கரையைக் காத்து, கோயிலை எடுத்துக் கட்டினார்கள். பழைமையை இழந்தது வருத்தம்தான், ஆனால் அது வழிபாட்டில் இருக்கும் கோயில், தினமும் விளக்கு எரிய வேண்டிய இடம். கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தரங்கம்பாடியில் பெரும்பாலும் கரையோர மீனவக் குடும்பங்களே மாண்டன. கோட்டை நின்றது. அதைச் சுற்றி எழுதப்பட்டவற்றில் கோட்டைக்கு என்ன ஆயிற்று என்ற கவலையே மேலோங்கி இருந்தது. மீனவர்கள் பலர் கரையை விட்டுத் தள்ளிப் புதுக் குடியிருப்புகளுக்கு மாறினார்கள். கடல் கண்ணில் படாத இடத்திலிருந்து கடலுக்குப் போவது எவ்வளவு சிரமம் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காலையில் கரைக்குப் போனால் வலை பிரிக்கிறவர்களிடம் பேசுங்கள், மரியாதையாகக் கேட்டால் நிறைய சொல்வார்கள். இந்த ஊரில் பாண்டியர், நாயக்கர், டேனிஷ், மராட்டியர், ஆங்கிலேயர் என்று யார் வந்து போனாலும் நகராமல் இருந்தவர்கள் கடல் தொழில் செய்பவர்கள்.

மகளுக்கு அறிவியலில் விருப்பம் இருந்தால் இன்னொன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடி ஒரு தாவரவியல் மையமாக இருந்தது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயசின் மாணவரான கோனிக் 1768-ல் இங்கே வந்தார். மிஷனரிகளில் ஜான், ராட்லர் போன்றவர்கள் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். நம் ஊர் வயல்களில் மேயும் சிவந்த சிறு புறா ஒன்றுக்கு அறிவியல் பெயரே ஸ்ட்ரெப்டோபீலியா ட்ராங்க்பாரிகா, அதாவது தரங்கம்பாடியின் பெயரால் வழங்கும் புறா. போகும் வழியில் மின்கம்பிகளைப் பார்த்துக்கொண்டே போகச் சொல்லுங்கள்.

ஒரு பகல் போதுமா என்றால், அவசரப்படாமல் இருந்தால் போதும். என் யோசனை, காலையில் சீக்கிரம் வந்து முதலில் மாசிலாமணி நாதர் கோயில், அப்புறம் மீனவர் கரை, வெயில் ஏறுவதற்குள் கோட்டை. நண்பகலில் அருங்காட்சியகங்களும் தேவாலயங்களும். தேவாலயங்கள் வழிபாட்டு இடங்கள், ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும், அந்த நேரத்தைத் தவிர்த்து விடுங்கள். பிற்பகலில் காரைக்கால் கிளம்பும் முன் சில கிலோமீட்டர் தள்ளித் தில்லையாடிக்கு ஒரு நடை போய் வாருங்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, வெளியே வந்த சில நாட்களில் 1914 பிப்ரவரியில் இறந்துபோன வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் அது. இறக்கும்போது அவருக்குப் பதினாறு வயதுதான். அடுத்த ஆண்டு காந்தி இந்தியா திரும்பியதும் அந்த ஊரைத் தேடி வந்தார். அங்கே வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு ஏறத்தாழ அதே வயது என்பதால், தரங்கம்பாடியில் என்ன விட்டுப்போனாலும் தில்லையாடியை விட்டுவிட வேண்டாம் என்பேன்.